அக்கா கொண்டுவராத புத்தகம்

வாடகைக்கு வீடு கேட்டுப் போன அன்று வீட்டுச் சொந்தக்கார அக்கா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "குளிக்கறப்போ பாத்ரூம் ஜன்னலைச் சாத்திக்குவீங்களா?" என்பது.

என் வீட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். மைசூருக்கு நாங்கள் வந்த புதிது. அதற்கு முன்னால் பார்த்த வீடுகளில் எல்லாம் எந்த ஊர், என்ன ஆட்கள், கறி சமைப்பீர்களா, ஊரிலிருந்து ஆள் வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள் என்று துருவித் துருவிக் கேட்டிருந்தார்கள். குளியலறை வரைக்கும் யாரும் வந்ததில்லை. நான்தான் சுதாரித்துக்கொண்டு, "தொறந்தே வெச்சுக்கறோமுங்க்கா" என்றேன்.

"அதான் நல்லது. கேஸ் கீசர் பாரு, அடைச்ச ரூம்ல விஷக்காத்து சேந்துடும். கல்யாணமான மறு மாசம் ஒரு பையன், ஜன்னலைச் சாத்திட்டுக் குளிக்கப் போனவன் வெளிய வரவேயில்லை. பொண்டாட்டி துண்டைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய நிக்கறா." இதைச் சொல்லிவிட்டுத்தான் மாடிச் சாவியை நீட்டினார். "போய்ப் பாத்துட்டு வாங்க. மூணாவது படி கொஞ்சம் உசரம். தடுக்கும், ஆய்த்தா?"

மாடியில் வைத்து என் வீட்டுக்காரர், "இந்தம்மா வீட்டுல குடியிருந்தா சீக்கு வேண்டாம், பயத்துலயே செத்துப்போலாம்" என்றார். எனக்கோ வீடு பிடித்துப்போயிற்று. காற்று வந்தது. ஹெப்பாளில் இருந்த என் ஆபீசுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நின்றது. அவர் நஞ்சன்கூடு ஃபேக்டரிக்குப் போக ரயிலும் பக்கம். அந்த வாரமே பால் காய்ச்சிவிட்டோம்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் கன்னடம் எட்டிப் பார்க்கும். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் க்ளெய்ம் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். அந்தப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன வேலை தெரியுமா? மனிதர்கள் எப்படிச் செத்தார்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் படிப்பது. ஈரக் கையோடு மிக்சியைத் தொட்டவர், ஏணியில் ஏறி ஒட்டடை அடித்தவர், தேங்காய் விழுந்தவர், விக்கல் எடுத்தவர். ஊரில் மற்றவர்களுக்குச் சாவு என்பது எப்போதோ வரும் செய்தி. இவருக்கு அது மேஜைக்குத் தபாலில் வந்தது.

அதனால் அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். நான் துணி காயப்போடப் போனால் கீழேயிருந்து குரல் வரும்: "கொடிக் கம்பியில கரண்ட் இருக்கான்னு புறங்கையால தொட்டுப் பாத்தியா?" பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தால், "கொட்டையைக் குழந்தைங்க கைக்கு எட்டாம வை" என்பார். எங்கள் வீட்டில்தான் குழந்தையே இல்லையே என்று நான் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொள்வேன்.

ஆனால் பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பயந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவர் புத்தகம் வாங்கக் கிளம்பிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேனீ கொட்டி இறந்துபோன ஒருவரின் காகிதங்கள் இவரிடம் வந்தனவாம். தேனீ கொட்டி ஆள் சாவானா? பல நாட்கள் பூச்செடிப் பக்கமே போகவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து நடைபாதைக் கடையில் தேனீ வளர்ப்பைப் பற்றி அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கிவந்து ராத்திரியும் பகலுமாகப் படித்தார். படித்து முடித்தபோது பயம் போய்த் தேனீயின் மேல் மரியாதை வந்துவிட்டது.

"பயம்னா என்னம்மா? பாதி தெரிஞ்ச விஷயம். மீதியையும் தெரிஞ்சுக்கிட்டா அது அதோட சைஸுக்கு வந்து உக்காந்துக்கும்" என்பார். அந்தத் தேனீப் புத்தகத்தில் மலையில் தேன் எடுப்பவர்களைப் பற்றி ஒரு பாரா இருந்ததாம். அதிலிருந்து மலையேறுகிறவர்களின் புத்தகம். அவர்கள் கயிற்றிலிருந்து கப்பல். கப்பலிலிருந்து உப்பு. உப்பிலிருந்து வரிச் சட்டம். நான் போன சமயத்தில் அவர் வீட்டு முன் அறையில் உட்கார நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. அதன் மேலும் நூறு பேருக்குச் சமைப்பது எப்படி என்று ஒரு புத்தகம் இருந்தது. கரையான், கலங்கரை விளக்கம், கையெழுத்து, சந்திர கிரகணம், துப்பறியும் கதைகள், கிணறு வெட்டுவது. தமிழில், கன்னடத்தில், இங்கிலீஷில். இந்த மனுஷிக்கு எதில்தான் ஆர்வம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நடைபாதைக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் கன்னடக்காரர். அக்காவைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, நடுவில் எங்கெங்கோ நாலைந்து பக்கம் படித்துவிட்டுக் கீழே வைத்தபடி இருந்தார். எனக்குக் கால் கடுத்தது.

"என்னத்தைத்தானுங்க்கா தேடறீங்க?"

"'இது எனக்குத் தெரியலை'ன்னு எங்கயாவது எழுதியிருக்கானான்னு பாக்கறேன்."

"தெரியாதவன் எதுக்குங்க்கா புத்தகம் எழுதறான்?"

"எல்லாம் தெரிஞ்சவன் எழுதினதை நம்பாதே. நெஜமா அந்த விஷயத்துல எறங்கினவன் எங்கயாவது ஒரு எடத்துல முட்டிக்கிட்டு நின்னுருப்பான். அதை ஒத்துக்கிட்டான்னா வாங்கு. தேனீயா இருந்தாலும் சரி, ஜோசியமா இருந்தாலும் சரி."

"அப்ப கதைப் புத்தகத்துக்கு?"

"யாராவது சாப்பிடறாங்களான்னு பாப்பேன். நூறு பக்கம் ஓடுது, ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடலைன்னா, அவங்கல்லாம் மனுஷங்களா?"

நான் சிரித்தேன். கடைக்காரர் கன்னடத்தில் என்னைப் பார்த்து, இந்தம்மாவுக்குப் புத்தகம் விற்பதற்குப் பதில் இவருக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றார். அக்காவும் விடவில்லை. "மாப்பிள்ளை வந்தாலும் தெரியலைன்னு சொல்றவனாப் பாத்துக் கொண்டா" என்றார். அன்று ஒரே ஒரு புத்தகம் வாங்கினார், காக்கைகளைப் பற்றியது. எழுதியவர், காக்கை ஏன் சில நேரம் தனியாக வந்து உட்கார்கிறது என்று தனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாராம்.

நான் ஹனூர்க்காரி, கர்நாடகத்து எல்லையோர ஊர். படித்ததெல்லாம் கன்னட மீடியம். தமிழ் எங்களுக்கு வீட்டில் பேசத்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இன்று இந்த அளவுக்கு எழுதுகிறேன் என்றால் அது அந்த வருஷம் படுக்கையில் கிடந்தபோது அக்கா மாடியேறிக் கொண்டுவந்த புத்தகங்களால்தான்.

எனக்கு முதல் கரு மூன்றாம் மாசத்தில் தங்காமல் போனது. இரண்டாவது தடவை உண்டானபோது வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் மாசத்து ஸ்கேனில் டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை மூடியபடி இருக்கிறது, பல பேருக்கு மாசம் ஏற ஏற அதுவும் மேலே ஏறிவிடும், அதுவரைக்கும் மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது, வேலை கூடாது, பயணம் கூடாது, படுத்திருங்கள் என்றார். ஏறாவிட்டால் என்று கேட்டேன். "அப்ப பாத்துக்கலாம்" என்றார். அந்த "அப்ப" எப்போது வரும் என்று யோசித்தே நான் பாதியானேன்.

பேறுகாலத்துக்கு ஊருக்கு அழைத்துப்போக அம்மா காத்திருந்தாள். பஸ்ஸில் அத்தனை தூரம் குலுங்கக் கூடாது என்று அதுவும் நின்றது. அம்மாவுக்கு மாட்டையும் அப்பாவையும் விட்டுவிட்டு மைசூரில் வந்து உட்கார முடியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்துபோனாள். அவர் காலையில் ஃபேக்டரிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். நானும் மின்விசிறியும் போனும்தான் மிச்சம்.

போனில் என்ன பார்ப்பேன்? என் வியாதியின் பெயரைப் போட்டுத் தேடுவேன். யாரோ ஒருத்தி பிழைத்தாள், யாரோ ஒருத்தி போனாள், யாரோ ஒருத்திக்குக் குழந்தை போயிற்று. ஒன்றைப் படித்தால் அதன் கீழே இன்னொன்று. நிறுத்த முடியாது. ஒருநாள் மத்தியானம் ரசம் கொண்டுவந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்தார்.

"அவருக்குப் பேசோணுமுங்க்கா!"

"அவன் கூப்பிட்டா எடுத்துத் தரேன். நீயா எட்டி எடுக்கப் பேடா, வேண்டாம். கைதூக்கவும் கூடாது உனக்கு." அன்று சாயங்காலம் ஒயர் கூடையில் புத்தகங்களோடு வந்தார்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் வந்தது காக்கை. அடுத்தது ஒரு துப்பறியும் கதை. அதில் போலீஸ்காரர் மூன்று வேளையும் சாப்பிட்டார். பிறகு ஒருவர் கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்த்த கதை, பாலம் கட்டுகிறவர்கள் ஆற்றின் அடியில் எப்படித் தூண் நடுகிறார்கள் என்பது, பனிக்கட்டி தேசத்தில் மாட்டிக்கொண்டவர்கள் செருப்பை வேகவைத்துத் தின்றது. எனக்கு எது பிடிக்கும் என்று அவர் கேட்டதேயில்லை. "பிடிக்கறதை மட்டும் படிக்கிறது, பிடிச்ச சொந்தக்காரங்க வீட்டுக்கு மட்டும் போற மாதிரி. கொஞ்ச நாள்ல அவங்களுக்கும் நம்மைப் பிடிக்காமப் போயிடும்" என்பார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கதவருகில் நின்று கவனிப்பார். எங்கே முகம் சுளிக்கிறேன், எங்கே சிரிக்கிறேன் என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி அடுத்ததைத் தேர்ந்தெடுப்பார். தப்பான புத்தகத்தைத் தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டால் தூக்கம் வராது அவருக்கு. ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து, முந்தின நாள் கொடுத்த கடல் கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அதில் கடைசியில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்துபோகுமாம். அதை மறந்து கொடுத்துவிட்டாராம். நான் அதற்குள் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தேன். சொல்லவில்லை.

பகலெல்லாம் இப்படிப் போயிற்று. ஆனால் பயம் போனது என்று சொன்னால் பொய். புத்தகத்தை மூடியதும் அது வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஏழாம் மாசத்து ஸ்கேனிலும் நஞ்சுக்கொடி மேலே ஏறவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பயந்தால் அதைப் பற்றிப் படி என்று வாய்க்கு வாய் சொல்கிற இந்த அக்கா, என் பயத்தைப் பற்றி ஒரு புத்தகமும் கொண்டுவரவில்லை.

கேட்டேன். "பிரசவத்தைப் பத்தி ஒரு நல்ல புத்தகம் இருந்தாக் குடுங்க்கா. நீங்கதானே சொல்வீங்க, தெரிஞ்சுக்கிட்டா சைஸுக்கு வந்துரும்னு."

அவர் கூடையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். "அதுல நல்ல புத்தகம் எதுவும் இல்லைம்மா. எல்லாம் கலர் படம் போட்டு ஏமாத்தறான்."

"டாக்டருங்க படிக்கிறது இருக்குமில்லீங்க்கா?"

"பாக்கறேன்" என்றார். அடுத்த வாரம் ஒரு கனமான புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஆவலோடு வாங்கிப் பார்த்தால் யானை. காட்டு யானைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒருவர் எழுதியது. "நான் என்ன கேட்டேன், நீங்க என்னத்தைக் கொண்டாந்திருக்கீங்க?" என்றேன் எரிச்சலோடு. "நோடு, யானையைப் பாரு, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் சுமக்குது. வாயைத் திறக்காமச் சுமக்குது. நீ பத்து மாசத்துக்கு இந்தப் பாடு படுத்தறே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிப்பும் உதட்டோடு நின்றது.

மூன்றாவது தடவை கேட்டபோது கோபம் வந்துவிட்டது அவருக்கு. அதுவரை அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "இல்லைன்னா இல்லைதான். எத்தனை தடவை கேப்பே?" என்று தம்ளரை நங்கென்று வைத்துவிட்டு இறங்கிப் போனார். மூன்றாவது படியில் கால் இடறிய சத்தம்கூடக் கேட்டது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு எண்ணம் புகுந்து அரிக்க ஆரம்பித்தது. இவர் எத்தனை சாவு பார்த்தவர். என்னைப் போல ஒருத்தியின் காகிதம் இவர் மேஜைக்கு வந்திருக்கும். என் கதை எப்படி முடியும் என்று இவருக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அட, உடு. அந்தக்காவுக்கு அது புடிக்காத விஷயமா இருக்கும். கல்யாணமே பண்ணாதவங்க" என்றார். ஆம்பளைக்கு எல்லாம் சுலபம். அக்கா மாடியேறி வரும் சத்தம் கேட்டாலே அவர் முகத்தில் என் சாவு தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். மூன்று மாசமாக எனக்குச் சோறு போட்டவரைப் பார்த்து இப்படிப் பயந்தேன்.

எட்டாம் மாசம். தசராவுக்கு இன்னும் நாளிருந்தது. காலையில் அவர் ஃபேக்டரிக்குப் போன பிறகு பாத்ரூமுக்குப் போனேன். ரத்தம். கொஞ்சமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிற்றில் வலியே இல்லை. குழந்தை வழக்கம்போல உதைத்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மெல்ல வந்து படுத்து, கட்டிலில் கிடந்த தம்ளரால் தரையைத் தட்டினேன். அக்கா வந்தார். புடவையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, பயப்படாதீங்க. வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா. அவருக்குப் போன் பண்ணுங்க, அவரு வந்துரட்டும், அப்பறம் போய்க்கலாம்."

"வாயை மூடு!"

நான் தம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

"வலி இல்லைன்னு சொல்லாதே. அந்த வார்த்தையைச் சொல்லாதே!" என்று கத்தினார். கத்திக்கொண்டே படியில் இறங்கினார். தெருவில் போன ஆட்டோவை மறித்து, எதிர்வீட்டுப் பையனையும் ஆட்டோக்காரரையும் கூட்டிவந்து, என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கவைத்தார். கேஸை மூடினோமா என்று கேட்கவில்லை. கதவைப் பூட்டவில்லை. காலில் செருப்பு இல்லை. ஏறி உட்கார்ந்து என் தலையை மடியில் வாங்கி, என்னை இடதுபக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் நாலைந்து வண்டிகள், அதற்கு முன்னால் போலீஸ், அதற்கும் முன்னால் யானைகள். தசரா ஊர்வலத்துக்கு முன்னால் தினமும் அந்தப் பாதையில் அவற்றை நடத்திப் பழக்குவார்கள். ஜனங்கள் ஓரமாக நின்று போனில் படம் எடுத்தார்கள். யானை என்ன செய்யும் பாவம், அதன் நடைதான் அதற்கு. எனக்குத் தொடையெல்லாம் ஈரம். அக்காவின் கை என் நெற்றியில் இருந்தது.

"அக்கா, நான் பொழைக்க மாட்டனாங்க்கா? உங்களுக்குத் தெரியுமில்ல? சொல்லிருங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "என் தங்கச்சியும் இதேதான் சொன்னா" என்றார். "வலி இல்லைக்கான்னு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தலையை மெல்ல சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, வெறுங்காலோடு ஓடி, அந்தப் போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். கன்னடத்தில் என்ன சொன்னார் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. போலீஸ்காரர் ஓடிவந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் விசில் அடித்தார். யானைகள் ஓரம் போயின, வண்டிகள் ஓரம் போயின. வழி கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் ஃபேக்டரிச் சட்டையோடு நின்று அழுதுகொண்டிருந்தார். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்று டாக்டர் சொல்லும்வரை அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாராம். சொன்னதும் எழுந்து போய்விட்டாராம். குழந்தையைப் பார்க்கவில்லையாம்.

மறுநாளும் வரவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. அம்மா வந்துவிட்டாள், நாத்தனார் வந்தாள், ஆபீஸ் தோழிகள் வந்தார்கள். வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் அக்காவா என்று பார்த்தேன். பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைக்கு ஏதோ ஆபத்து, அது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று மறுபடி அரிக்கத் தொடங்கியது. அவரை நினைத்தால் எனக்கு இப்படித்தான் தோன்றும். அவர் பக்கத்தில் இருந்தால்தான் தைரியம், இல்லாவிட்டால் அவராலேயே பயம். அக்கா இப்போது இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால், கீசர், ஏணி எதுவும் இல்லாமல், தூக்கத்திலேயே போய்விட்டார். இன்றைக்கும் துணி காயப்போடும்போது புறங்கையால்தான் கம்பியைத் தொடுகிறேன்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வந்தார். அம்மா குழந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். அக்கா சரியாகத் தூங்கியிருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கீங்க்கா போயிட்டீங்க?" என்றேன்.

"புத்தகம் வாங்கப் போனேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இந்த நேரத்துலயுமாங்க்கா?"

"நீ கேட்டியே, அந்தப் புத்தகம். நர்சிங் படிக்கிற பொண்ணுங்களுக்கு விக்கற கடையில இருந்தது. ராத்திரி உக்காந்து படிச்சுட்டேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். "என் தங்கச்சிக்கும் எட்டாம் மாசம்தான். வளைகாப்பு முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வந்திருந்தா. காலையில எழுந்து, லேசா ரத்தம் படுதுக்கா, ஆனா வலி இல்லைன்னா. வலி இல்லைன்னா வெறும் உடம்புச் சூடுதான்னு அம்மா சொன்னாங்க. நானும் ஆமாம்னேன். சீரகத் தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்கோன்னு சொல்லிட்டு ஆபீசுக்குக் கிளம்பிட்டேன். அவ புருஷன் பெங்களூர்லேர்ந்து வரட்டும், வந்ததும் டாக்டர்கிட்டப் போகலாம்னு எல்லாரும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் எதை எதையோ படிச்சேன். பாம்பு, கரண்ட்டு, கடல். இதை மட்டும் தொடலை. படிச்சா, அன்னிக்கு நாங்க என்ன பண்ணியிருக்கணும்னு தெரிஞ்சுடும் இல்ல? தெரியாத வரைக்கும் அவ விதின்னு சொல்லிக்கலாம். இத்தனை வருஷம் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். நீ புத்தகம் கேட்டப்பல்லாம் உன் மேல கோவம் கோவமா வந்தது."

"இப்ப எதுக்குங்க்கா படிச்சீங்க?"

"காத்திருக்காமக் கூட்டிட்டு வந்தேன், நீ பொழைச்சுட்டியே" என்றார். "இனிமே படிக்காம இருந்து என்ன ஆகப் போகுது?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார்கள். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"என்னங்க்கா போட்டிருக்குது அதுல?"

"கடைசி மாசங்கள்ல வலியில்லாம ரத்தம் பட்டா, யாருக்காகவும் காத்திருக்காம உடனே கூட்டிட்டுப் போகணும். வலி இல்லாம இருக்கறதுதான் அடையாளமே. அந்தப் பாடத்துல முதல் வரியே அதுதாம்மா. எங்கயோ உள்ள ஒளிஞ்சுக்கிட்டெல்லாம் இல்லை. முதல் வரி." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "பொழைச்சிருப்பா."

அவர் அழவில்லை. எனக்குத்தான் குமுறிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை, உடம்பே குலுங்கியது. அக்கா பதறிப்போய் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஐயோ, அழாதேடி! அழக் கூடாது, இருமக் கூடாது, தையல் பிரிஞ்சுடும்" என்று சொல்லி, என் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.